இ.எல்.84 புஷ்-புல் வால்வு ஆம்ப்ளிஃபயர்: ஸ்பீக்கரில் தொடங்கிப் பின்னோக்கி ஒரு முழு வடிவமைப்பு

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் வடிவமைக்க உட்காருபவர்களில் பலர் இன்புட் சாக்கெட்டிலிருந்து வலப்பக்கமாக வரைந்துகொண்டே போவார்கள். முதல் வால்வு எது, எந்த பிராண்ட் கெப்பாசிட்டர் என்று நாள் கணக்கில் யோசித்துவிட்டு, கடைசியில் கிடைத்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டுவார்கள். கணக்கு எதிர்த்திசையில்தான் ஓடுகிறது. ஸ்பீக்கருக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து அவுட்புட் வால்வும், அதன் தேவையிலிருந்து டிரைவரும், எல்லாவற்றின் கூட்டுத் தேவையிலிருந்து பவர் சப்ளையும் முடிவாகின்றன. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

இலக்கு: இரண்டு சேனல் ஸ்டீரியோ, சேனலுக்கு 10 வாட் சொச்சம், 8 ஓம் ஸ்பீக்கர். சேனலுக்கு இரண்டு இ.எல்.84 (எதிரெதிராக மாறி மாறி உழைக்கும் அவுட்புட் ஜோடி, அதுதான் புஷ்-புல்), ஒரு இ.சி.சி.83 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு சிறிய ட்ரையோடு). அமெரிக்கப் பெயர்கள் 6பி.கியூ.5, 12ஏ.எக்ஸ்.7. இரண்டும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. 90 டெசிபெல் அளவு திறனுள்ள ஸ்பீக்கர் இருந்தால் சாதாரண வீட்டுக் கூடத்துக்கு 10 வாட் தாராளம்.

எச்சரிக்கை ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சர்க்யூட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கும். டிரான்சிஸ்டர் கிட் மட்டுமே செய்து பழகியவர்கள், மெயின்ஸ் வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் முறை மின்சாரம் கொடுப்பது நல்லது.

அவுட்புட் ஜோடி

வால்வில் கரண்ட் கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஓடும். கிரிட் அதைக் கட்டுப்படுத்தும், ஸ்கிரீன் என்பது இரண்டாவது கிரிட், டிசிப்பேஷன் என்பது தாங்கும் வெப்ப அளவு. இ.எல்.84-இன் எல்லைகள்: பிளேட்டுக்கு அதிகபட்சம் 300 வோல்ட், பிளேட் டிசிப்பேஷன் 12 வாட், ஸ்கிரீன் டிசிப்பேஷன் 2 வாட், ஹீட்டர் 6.3 வோல்ட் 0.76 ஆம்பியர். தயாரிப்பாளர்கள் கொடுத்த வழக்கமான புஷ்-புல் புள்ளி: 300 வோல்ட், பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு 8 கிலோ ஓம் லோடு, இரண்டு வால்வுக்கும் பொதுவாக 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், சிக்னல் இல்லாதபோது வால்வுக்கு 36 மில்லி ஆம்பியர் பிளேட் கரண்ட், பென்டோடு இணைப்பில் (ஸ்கிரீன் நேராக சப்ளையில்) 17 வாட். இதைவிட்டு விலக நமக்குக் காரணம் எதுவும் இல்லை.

8 கிலோ ஓம் என்பது இங்கே என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு வால்வும் கரண்ட் கடத்தும் வரை (கிளாஸ் ஏ) ஒவ்வொன்றும் பாதியை, அதாவது 4 கிலோ ஓமைப் பார்க்கும். சிக்னல் பெரிதாகி ஒரு வால்வு அணைந்ததும், மற்றது நாலில் ஒரு பங்கை, அதாவது 2 கிலோ ஓமைப் பார்க்கும். பிளேட் 300-லிருந்து 50 வோல்ட் வரை இறங்கினால் ஊசலாட்டம் 250 வோல்ட். 250-ஐ 2,000-ஆல் வகுத்தால் உச்சக் கரண்ட் 125 மில்லி ஆம்பியர். பவர், 250-இன் வர்க்கத்தை 4,000-ஆல் வகுத்து, சுமார் 15.6 வாட்.

ஆனால் நாம் ஸ்கிரீனை நேராக சப்ளையில் கட்டப் போவதில்லை. டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் 1951-இல் பிரபலப்படுத்திய அல்ட்ரா லீனியர் இணைப்பில், ஸ்கிரீன் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியின் ஒரு டேப்பில் (சுற்றின் இடையே வெளியே எடுத்த முனை) உட்காரும். பிளேட் ஆடும்போது ஸ்கிரீனும் கொஞ்சம் ஆடும்; டிஸ்டார்ஷனும் அவுட்புட் இம்பீடன்ஸும் குறையும். விலை என்னவென்றால், பிளேட் 80 வோல்ட்டுக்குக் கீழே சுலபமாக இறங்காது. 220 வோல்ட் ஊசலாட்டத்துக்கு 12 வாட். டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு போக 11 வாட் மிச்சம். பென்டோடின் கூடுதல் மூன்று நான்கு வாட் காதுக்கு ஒன்றரை டெசிபெல்கூட ஆகாது. அல்ட்ரா லீனியரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பயாஸுக்கு (சிக்னல் இல்லாதபோதைய கரண்டைத் தீர்மானிக்கும் கிரிட்-கேத்தோடு வோல்டேஜ்) பொது ரெசிஸ்டர் வேண்டாம். வால்வு ஒவ்வொன்றுக்கும் தனியாக 270 ஓம் 5 வாட், அதன் குறுக்கே 220 மைக்ரோ ஃபாரட் 63 வோல்ட். பிளேட் 36, ஸ்கிரீன் 4, ஆக 40 மில்லி ஆம்பியர், கேத்தோடில் 10.8 வோல்ட் நிற்க வேண்டும். ரெசிஸ்டரில் எரிவது அரை வாட்டுக்கும் குறைவு. 5 வாட் போடுவது வால்வு கெட்டுப் போகும் நாளுக்காக. தனி ரெசிஸ்டரால் இரண்டு வால்வும் தாமே ஓரளவு சமநிலைக்கு வரும். எந்த வால்வு எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒரு மல்டிமீட்டரில் பார்த்தும்விடலாம்.

கிரிட் பின்னிலேயே தொடராக 4.7 கிலோ ஓம் ஸ்டாப்பர், ஸ்கிரீனில் 100 ஓம் 1 வாட், கிரிட் லீக் (கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர்) 470 கிலோ ஓம். இந்த லீக்கை 1 மெக் ஓமுக்கு மேல் ஏற்றக் கூடாது. கிரிட்டில் கசியும் மைக்ரோ ஆம்பியர்களே பயாஸைத் தின்றுவிடும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்

பட்ஜெட்டில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். ரெடிமேடாக வாங்கினால் கேட்க வேண்டியவை: 8 கிலோ ஓம் பிளேட்-டு-பிளேட், 43 சதவீத டேப், 15 வாட், 8 ஓம் செகண்டரி. பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் உதவாது. அது ஒற்றை வால்வுக்கானது. நடுவில் சென்டர் டேப் இல்லை, கோரில் காற்று இடைவெளி வேறு இருக்கும்.

காயில் சுற்றுபவரிடம் கொடுத்துச் செய்வதானால் கணக்கு இதோ. சுற்று விகிதம், 8,000-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம்: 31.6. பிரைமரியில் 12 வாட்டுக்கு சுமார் 310 வோல்ட் ஏ.சி. கோர்: நடுநாக்கு 32 மில்லிமீட்டர் உள்ள இ-ஐ 96 ஸ்டாம்பிங், 38 மில்லிமீட்டர் அடுக்கு, சி.ஆர்.ஜி.ஓ. (டிரான்ஸ்ஃபார்மருக்கான சிலிக்கான் எஃகுத் தகடு) தரம். பயன்படும் பரப்பு சுமார் 11.5 சதுர சென்டிமீட்டர். 30 ஹெர்ட்ஸில் முழு பவரிலும் ஃபிளக்ஸ் 1 டெஸ்லாவைத் தாண்டாமல் இருக்க 2,000 சுற்று தேவை. இந்தக் கோரில் அது 50 ஹென்ரியை ஒட்டிய இண்டக்டன்ஸ் தரும். 20 ஹெர்ட்ஸுக்கு 32 ஹென்ரியே போதும் என்பதால் கையில் மிச்சம் உண்டு.

சுற்றும் முறை: பிரைமரியை 500 சுற்று கொண்ட நான்கு பிரிவுகளாக, 34 கேஜ் (எஸ்.டபிள்யூ.ஜி.) கம்பியில். அவற்றின் மூன்று இடைவெளிகளிலும் செகண்டரி, ஒவ்வொன்றும் 64 சுற்று, 23 கேஜ், ஒரே அடுக்கில். மூன்று செகண்டரிகளையும் இணையாகச் சேர்க்க வேண்டும். மூன்றிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகக் கூடாது. பிசகினால் அவற்றுக்குள்ளேயே கரண்ட் சுற்றி டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கும்போதே சுடும். பிரைமரியின் முதல், மூன்றாம் பிரிவுகள் ஒரு பாதி. இரண்டாம், நான்காம் பிரிவுகள் மறு பாதி. அல்ட்ரா லீனியர் டேப்பைச் சென்டர் டேப்பிலிருந்து எண்ணி 430-ஆவது சுற்றில் எடுக்க வேண்டும். பிளேட் பக்கமிருந்து எண்ணிவிட்டால் 57 சதவீதமாகிவிடும். சுற்றுபவரிடம் இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிப் பிரித்துப் பிரித்துச் சுற்றச் சொன்னால் சிலர் சலித்துக்கொள்வார்கள். விடக் கூடாது. பிரைமரி முழுவதையும் கீழே சுற்றி மேலே செகண்டரி போட்டால் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (இரு வைண்டிங்கையும் பிணைக்காத காந்தப்புலத்தால் வருவது) ஏறி, மேல் ஸ்தாயி விழுவதோடு, பின்னால் ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பங்கை முதல் நிலைக்கு எதிராகத் திருப்பிக் கொடுப்பது) போடும்போது ஊளையிடும். ஸ்டாம்பிங்குகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்க வேண்டும். புஷ்-புல்லில் இரண்டு பாதியின் டி.சி.யும் ஒன்றையொன்று ரத்து செய்வதால் இடைவெளி தேவையில்லை.

கைக்கு வந்ததும் சோதனை: செகண்டரியில் 6.3 வோல்ட் ஏ.சி. கொடுங்கள். பிளேட் முனைகளுக்கு நடுவே சுமார் 197 வோல்ட் வரும், தொட்டுவிடாதீர்கள். சென்டர் டேப்பிலிருந்து இரு பக்கமும் சமமாக 98-99, டேப்களில் 42 சொச்சம் இருக்க வேண்டும். பிரைமரியின் மொத்த டி.சி. ரெசிஸ்டன்ஸ் 150 ஓமை ஒட்டி இருக்கும். கம்பி நீளம் மாறுவதால் இரு பாதியும் சில ஓம் வித்தியாசப்படுவது இயல்பு.

எதிரெதிர் சிக்னல்: கேத்தோடைன்

புஷ்-புல்லுக்கு ஒரே அளவில், எதிர்ப் புறமாக ஆடும் இரண்டு சிக்னல் வேண்டும். 1954-இல் பிரிட்டிஷ் வால்வு நிறுவனமான முல்லார்ட் வெளியிட்ட 5-10 சர்க்யூட் இதற்கு லாங்-டெயில் ஜோடியை (கேத்தோடுகள் ஒரே ரெசிஸ்டரில் சேரும் இரண்டு ட்ரையோடு) வைத்தது. அதற்கு முன்னால் ஒரு இ.எஃப்.86 பென்டோடு. அது நல்ல சர்க்யூட்தான். ஆனால் இ.எல்.84 கிரிட் கேட்பது சுமார் 8 வோல்ட் மட்டுமே. அவ்வளவு சிறிய தேவைக்கு ஒரு ட்ரையோடு போதும்: பிளேட்டில் ஒரு 56 கிலோ ஓம், கேத்தோடில் ஒரு 56 கிலோ ஓம். இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால் இரண்டிலும் ஒரே சிக்னல், எதிரெதிராக. இதுதான் கேத்தோடைன். இரண்டு ரெசிஸ்டரும் ஒரு சதவீதத் தரமாக இருக்கட்டும், அல்லது மல்டிமீட்டரில் பொறுக்கி ஜோடி சேருங்கள்.

பிளேட் பக்க இம்பீடன்ஸ் அதிகம், கேத்தோடு பக்கம் குறைவு, ஆகவே இது சமமில்லாதது என்றொரு வாதம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் ஒரே லோடு இருக்கும்வரை அது செல்லாது. லோடு மாறும் ஒரே தருணம், இ.எல்.84 கிளிப் ஆகி (அலையின் உச்சம் வெட்டுப்பட்டு) கிரிட் கரண்ட் இழுக்கும்போது, அந்த 4.7 கிலோ ஓம் ஸ்டாப்பர் அதைத் தணிக்கிறது.

கேத்தோடுக்கும் 56 கிலோ ஓமுக்கும் நடுவே 1.5 கிலோ ஓம் பயாஸ் ரெசிஸ்டர். கிரிட்டிலிருந்து 1 மெக் ஓம் அந்த இரண்டின் சந்திப்புக்குப் போகும், கிரவுண்டுக்கு அல்ல. சப்ளை 267 வோல்ட்டாக இருந்தால் கரண்ட் 0.9 மில்லி ஆம்பியர், கேத்தோடு சுமார் 50 வோல்ட், பிளேட் சுமார் 217 வோல்ட். ஒரு பக்க கெயின் (பெருக்கம்) 0.97. இங்கிருந்து இ.எல்.84 கிரிட்களுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன், இரண்டு.

முதல் நிலையும் ஃபீட்பேக்கும்

இ.சி.சி.83-இன் மற்ற பாதி: பிளேட் 100 கிலோ ஓம், கேத்தோடு 1.5 கிலோ ஓம், அதன் குறுக்கே 220 மைக்ரோ ஃபாரட். 1.5 கிலோ ஓமின் அடியில் பைபாஸ் (குறுக்கே கெப்பாசிட்டர்) இல்லாத 100 ஓம், பிறகு கிரவுண்ட். 250 வோல்ட் சப்ளையில் பிளேட் 165 வோல்ட் அருகே நிற்கும். கெயின் சுமார் 55. கேத்தோடைனுக்கு இணைப்பு 0.022 மைக்ரோ ஃபாரட் 630 வோல்ட். இன்புட்டில் 100 கிலோ ஓம் லாக் வால்யூம், கிரிட்டில் 1 கிலோ ஓம். அவ்வளவுதான்.

ஃபீட்பேக் கணக்கு: 8 ஓமில் 12 வாட் என்றால் 9.8 வோல்ட். அதற்கு ஃபீட்பேக் இல்லாமல் இன்புட்டில் 0.15 வோல்ட் போதும். ஆக மொத்த கெயின் 65. ஸ்பீக்கர் முனையிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக அந்த 100 ஓமுக்குக் கொடுத்தால் கெயின் 17 ஆகும். ஃபீட்பேக் 12 டெசிபெல்லுக்கு ஒரு பிடி குறைவு; முழு பவருக்கு 0.58 வோல்ட் இன்புட். சி.டி. பிளேயரோ ஃபோன் டி.ஏ.சி.யோ (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கருவி) சுலபமாகக் கொடுக்கும் அளவு. 20 டெசிபெல் வரை ஏற்றலாமே என்று ஆசை வரும். டிரான்ஸ்ஃபார்மர் மிக நன்றாக இருந்தால்தான் அது தாங்கும்.

0.022 ஏன், அங்கும் 0.1 ஏன் இல்லை என்றால்: கேத்தோடைனின் 1 மெக் ஓம் சந்திப்புக்குப் போவதால் சிக்னலுக்கு அது 20 மெக் ஓம் போலத் தெரியும். ஆகவே 0.022-லேயே வெட்டு அதிர்வெண் அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடுகிறது. அவுட்புட் கிரிட்டில் அது 3.4 ஹெர்ட்ஸ். இரண்டும் விலகியிருப்பது அவசியம். ஒன்றாக வந்தால் கீழ்ப்பகுதியில் கட்ட (ஃபேஸ்) மாற்றங்கள் சேர்ந்து, ஃபீட்பேக்கோடு சேர்ந்து ஸ்பீக்கர் கோன் மெதுவாக முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கும்.

பவர் சப்ளை

ஸ்டீரியோவுக்கு மொத்தம்: நான்கு இ.எல்.84-க்கு 160, முன் நிலைகளுக்கு 3.6 மில்லி ஆம்பியர். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு இப்படி ஆர்டர் கொடுங்கள்: பிரைமரி 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், செகண்டரி 240 வோல்ட் 350 மில்லி ஆம்பியர், இன்னொன்று 6.3 வோல்ட் 5 ஆம்பியர். மொத்தம் 120 வி.ஏ. டி.சி. 165 என்றிருக்க ஏ.சி. 350 ஏன் என்று கேட்கலாம். பிரிட்ஜுக்கு (ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டயோடு) பின் நேராக கெப்பாசிட்டர் வரும்போது கரண்ட் குறுகிய துடிப்புகளாகப் பாய்கிறது. வைண்டிங்கின் சூடு டி.சி.யைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு கரண்டுக்கானது. மெயின்ஸை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகப் பிரிட்ஜில் கொடுப்பது எந்த நிலையிலும் கூடாது.

யு.எஃப்.4007 டயோடு நான்கு, பிறகு 100 மைக்ரோ ஃபாரட், 5 ஹென்ரி 200 மில்லி ஆம்பியர் சோக் (இரும்புக் கோரில் சுற்றிய சுருள், சுமார் 100 ஓம்), மீண்டும் 100 மைக்ரோ ஃபாரட். இந்த இடத்தில் 303 வோல்ட். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களின் சென்டர் டேப் இங்கே. அடுத்து 10 கிலோ ஓம் 1 வாட், 47 மைக்ரோ ஃபாரட்: 267 வோல்ட், கேத்தோடைன்களுக்கு. மீண்டும் 10 கிலோ ஓம், 22 மைக்ரோ ஃபாரட்: 250 வோல்ட், முதல் நிலைகளுக்கு.

எல்லா கெப்பாசிட்டரும் 450 வோல்ட். 350 போதாது: சுவிட்ச் போட்ட முதல் சில வினாடிகள் வால்வு சூடாகாததால் லோடே இல்லை, மெயின்ஸ் 250-இல் இருந்தால் சப்ளை 400 வோல்ட்டை நெருங்கும்.

சோக்குக்குப் பதில் 100 ஓம் ரெசிஸ்டர் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கலாமா? முதல் கெப்பாசிட்டரில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சும் அலை) 15 வோல்ட் அளவுக்கு இருக்கும். ரெசிஸ்டர் அதை இரண்டரை வோல்ட்டுக்குக் கொண்டுவரும், சோக் 0.1 வோல்ட்டுக்கும் கீழே இறக்கிவிடும். புஷ்-புல் ரிப்பிளில் பெரும்பகுதியை ரத்து செய்யும் என்பது உண்மை. வால்வுகள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் வரை.

சப்ளைக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் 3 வாட் பிளீடர் (கெப்பாசிட்டர்களை வடிக்கும் ரெசிஸ்டர்). அணைத்தபின் ஒரு நிமிடத்தில் 50 வோல்ட்டுக்கு வரும். அதன் பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டே கைவைக்கவும். பிரைமரியில் 1 ஆம்பியர் ஸ்லோ-பிளோ, 240 வோல்ட் வைண்டிங்கில் 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸ்.

ஹீட்டரின் இரு முனையிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று. அவை சேரும் புள்ளியைக் கிரவுண்டில் கட்டாமல், 303 வோல்ட்டிலிருந்து 220 கிலோ ஓம், 47 கிலோ ஓம் பிரித்துக் கிடைக்கும் 53 வோல்ட்டில் கட்டுங்கள். 47 கிலோ ஓமுக்குக் குறுக்கே 10 மைக்ரோ ஃபாரட் 100 வோல்ட். கேத்தோடைன் கேத்தோடு 50 வோல்ட்டில் இருப்பதால் ஹீட்டருக்கும் அதற்கும் இழுபறி நீங்கும், ஹம்மும் குறையும்.

கட்டுதல்

பின் எண்கள், அடியிலிருந்து பார்த்து வலஞ்சுழியாக. இ.எல்.84: 2 கிரிட், 3 கேத்தோடு, 4-5 ஹீட்டர், 7 பிளேட், 9 ஸ்கிரீன், 1, 6, 8-ஐ டேக் மாதிரிப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே இணைப்பு இருக்கலாம். இ.சி.சி.83: 1, 2, 3 ஒரு ட்ரையோடின் பிளேட், கிரிட், கேத்தோடு, 6, 7, 8 மற்றதன் அதே வரிசை, ஹீட்டருக்கு 4-5 சேர்த்து ஒரு முனை, 9 மறு முனை.

2 மில்லிமீட்டர் அலுமினியம் சேசிஸ் போதும். ஹீட்டர் வயர்களை முறுக்கி, சேசிஸ் மூலையோடு ஒட்டி முதலில் ஓட்டுங்கள். பிரிட்ஜின் நெகட்டிவ் நேராக முதல் கெப்பாசிட்டரின் காலுக்குப் போக வேண்டும். வேறெந்த கிரவுண்டும் அந்தத் துண்டு வயரில் சேரக் கூடாது, சேர்ந்தால் சார்ஜிங் துடிப்பு அப்படியே 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும். அங்கிருந்து அவுட்புட், டிரைவர், இன்புட் என்று வரிசையாக கிரவுண்ட் வந்து, இன்புட் சாக்கெட் அருகே ஒரே இடத்தில் சேசிஸைத் தொடட்டும். சாக்கெட்டுகள் சேசிஸிலிருந்து இன்சுலேட் ஆனவை. மெயின்ஸ் எர்த் தனி போல்ட்டில் சேசிஸுக்கு.

டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு ஓட்டை போடுவதற்கு முன் ஒரு சோதனை: மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, இணைப்பில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஹெட்ஃபோனை மாட்டுங்கள். திருப்பித் திருப்பி ஹம் மிகக் குறையும் கோணத்தைக் கண்டுபிடித்து அங்கே குறி போடுங்கள்.

முதல் மின்சாரம்

மெயின்ஸில் தொடராக 100 வாட் குண்டு பல்பு. வால்வு எதுவும் வேண்டாம். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். அடுத்து, பல்பை நீக்கி, இ.சி.சி.83-களை மட்டும் மாட்டி, இ.எல்.84 கிரிட் பின்களில் டி.சி. பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் பாசிட்டிவ் இருந்தாலும் 0.1 கெப்பாசிட்டர் கசிகிறது. மாற்றாமல் மேலே போனால் பிளேட் சிவந்து வால்வு போகும்.

இப்போது ஃபீட்பேக் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனையில் 8 ஓம் 25 வாட் டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதில் ரெசிஸ்டர்) வைத்து, இ.எல்.84-களை மாட்டுங்கள். லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் பிரைமரியில் எழும் வோல்டேஜ் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஒரு நிமிடத்தில் கேத்தோடுகள் 10-லிருந்து 11.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும், ஹீட்டர் 6.0-லிருந்து 6.6-க்குள். ஜோடிக்குள் 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் வால்வுகளை இடம் மாற்றுங்கள். வித்தியாசம் வால்வோடு போனால் வால்வு. சாக்கெட்டிலேயே தங்கினால் ரெசிஸ்டர் அல்லது கசிவு. மின்வோல்டேஜ் எப்போதும் 245-க்கு மேல் ஓடும் பகுதியில் 270-க்குப் பதில் 330 ஓம் போடுங்கள். இல்லாவிட்டால் பிளேட் 12 வாட்டைத் தாண்டும்.

ஃபீட்பேக்கை இணைத்ததும் சத்தம் குறைந்தால் சரி. ஊளையிட்டால் கட்டம் தலைகீழ்: உடனே அணைத்து, கேத்தோடைனிலிருந்து வரும் இரண்டு 0.1 கெப்பாசிட்டர்களின் கிரிட் முனைகளை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். பிளேட் வயர்களை மாற்றினால் ஸ்கிரீன் டேப்களையும் கூடவே மாற்ற வேண்டும். மறந்தால் வேறு சிக்கல்.

ஆசிலோஸ்கோப் இருந்தால் 10 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலை கொடுங்கள். மூலையில் நீண்ட நடுக்கம் தெரிந்தால் 2.2 கிலோ ஓமுக்குக் குறுக்கே 220 பிகோ ஃபாரட்டில் தொடங்கி 1,000 வரை ஏற்றிப் பாருங்கள். போதவில்லையானால் முதல் நிலையின் 100 கிலோ ஓமுக்குக் குறுக்கே 100 பிகோ ஃபாரட்டும் 10 கிலோ ஓமும் தொடராக. பிறகு டம்மி லோடோடு 0.1 மைக்ரோ ஃபாரட்டைச் சேர்த்து மறுபடி பாருங்கள். நீண்ட ஸ்பீக்கர் கேபிள் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்ளும்.

கோளாறு வந்தால்

உறுமல் 100 ஹெர்ட்ஸ் என்றால் சப்ளை, கிரவுண்ட் பாதை அல்லது சமமில்லாத அவுட்புட் ஜோடி. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயர், எர்த் லூப், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் கோணம். வால்யூமோடு ஏறி இறங்கினால் இன்புட் பக்கம் தேடுங்கள்.

டுப்-டுப் என்று மெதுவாக அடித்தால் 47 அல்லது 22 மைக்ரோ ஃபாரட் காய்ந்திருக்கும். நிலைகள் சப்ளை வழியாகப் பேசிக்கொள்கின்றன. பென்சிலால் தட்டினால் மணி போல ஒலிக்கும் இ.சி.சி.83-ஐ மாற்றிவிடுங்கள். ஒரு சேனலில் மட்டும் பேஸ் மெலிந்து கரகரத்தால் அந்த ஜோடியின் கேத்தோடுகளை அளங்கள்: ஒன்றில் வோல்டேஜே இல்லை என்றால் வால்வு கடத்தவில்லை, மற்றதன் 36 மில்லி ஆம்பியர் டி.சி. இடைவெளியற்ற கோரை ஒரு பக்கமாக நிறைத்துவிட்டது. வால்வை மாற்றினால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதகமில்லை. இரண்டு கேத்தோடும் சரியாக இருந்தும் அதே கோளாறு என்றால், கேத்தோடைனின் இரண்டு அவுட்புட்டையும் ஏ.சி.யில் அளந்து, ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள்.